மோட்சப் பிரயாணத்தில் அன்பும் உறுதிப்பாடும்

ஆங்கில நாட்டில் பெட்போர்டுச் சிறையில் 1660 முதல் 1672 வரை அடைபட்டிருந்தவர் ஜான் பனியன். அவர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம் தமிழறிஞர்க்குப் புதியதன்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்திற்கு அதுவே முதனூல். அந்நூலின்மீது சாற்றப்படும் ஒரு குறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மனைவி மக்கள் கூவியழைக்கவும் செவிகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுபவன் அதன் தலைவனாகிய கிறிஸ்தியான். தன் மீட்பு ஒன்றையே நாடும் இவனுக்குப் பிறர்பால் அன்பு ஏது என்றும், இவன் பெறும் உறுதிப்பாடு தன்னலத்தின் வேறோர் உருவமே யன்றோ என்றும் வினவுவார் உளர்.

உறுதிப்பாடு என்பது, தான் மீட்கப்பட்டமை குறித்து ஒருவன் ஐயமறப் பெறும் தெளிவாகும். பனியன் அதனை எளிதிற் பெற்றவர் அல்லர். 1666-இல் வெளிவந்த தம் ஆன்ம வரலாற்றில், ஐயத்திற்கும் ஆறுதலுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் அலைப்புண்ட வகையை அவர் விரித்துரைக்கின்றார். யோவானின் முதல் நிருபமோ, உடன்பிறந்தாரிடத்துக் கொள்ளும் அன்பையே மரணத்தினின்று உயிருக்குக் கடந்தமையின் அடையாளமாகக் காட்டுகின்றது. இவ்விரண்டும் பனியனின் கதையமைப்பில் எங்ஙனம் இணைகின்றன என்பதே நம் வினா. பாத்திரப் பெயர்களைப் பொருள் நோக்கித் தமிழிற் குறிப்போம்.

சிலுவையினருகே கிறிஸ்தியானின் சுமை வீழ்கின்றது. முத்திரையிட்ட சுருள் ஒன்று அவனுக்கு அளிக்கப்படுகின்றது. அச்சுருள் உறுதிப்பாட்டின் குறி. கடுமலையின் நடுவேயுள்ள நிழற்பந்தரில் உறங்கி, அவன் அதனை இழக்கின்றான். அப்போது அவன் தனியன் என்பது நோக்கத்தக்கது. பின்னர் மயக்க நிலத்தைக் கடக்கும்போதும் உறக்கம் வந்து அழுத்துகின்றது. ஆனால் அங்கே நம்பிக்கையன் உடனிருக்கின்றான். இருவரும் உரையாடியே விழித்திருக்கின்றனர். தனித்து வந்திருப்பின் உறங்கி உயிரிழந்திருப்பேன் என நம்பிக்கையனே ஒப்புக்கொள்கின்றான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பு நோக்குவார்க்கு ஆசிரியர் கருத்துப் புலனாகும்.

உண்மையனைச் சந்திக்கும் இடமும் இத்தகையதே. முன்னே செல்லும் அவனை ஓடிக் கடந்துவிட்டதாக இறுமாந்து நகைக்கும் கிறிஸ்தியான், இடறி வீழ்கின்றான். உண்மையன் வந்து கைகொடுக்கும்வரை அவனால் எழ இயலவில்லை. ஐயக்கோட்டையில் அவநம்பிக்கை அரக்கன் தற்கொலைக்குத் தூண்டும்போது, அதனைத் தடுப்பவன் நம்பிக்கையன். கோட்டைக் கதவைத் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் கிறிஸ்தியானின் மார்பிலேயே இருக்கின்றது. எனினும், அதனை நினைவுகூரும்வரை அவனை உயிரோடு வைத்தது தோழனின் சொல்லே. இறுதி ஆற்றிலும் மூழ்கும் அவன் தலையை நீர்மேல் தாங்குபவன் அத்தோழனே. தோழமை உறுதிப்பாட்டின் ஊற்று அன்று. ஆயினும் அதனைக் காக்கும் கரையாக நிற்கின்றது.

இக்கருத்திற்கு மறுதலையாகப் படைக்கப்பட்டவன் அறிவீனன். அவனுக்கு ஐயமே இல்லை. தன் நெஞ்சமே சான்று என்கின்றான். கூட்டத்தினும் தனித்து நடத்தலே தனக்கு இன்பம் என்பதும் அவன் கூற்று. வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் ஆற்றையும் எளிதிற் கடக்கின்றான். ஆனால் வாயிலிற் காட்டச் சுருள் இன்றித் தள்ளப்படுகின்றான். வாயாடியோ வெளியில் தூயோன். தன் இல்லத்தார்க்குத் துன்பம். அன்பில்லாச் சமயப் பேச்சு வெற்றொலியே என்பது இவனால் விளங்கும்.

இனி மனைவி மக்களைப் பற்றிய குறைக்கு வருவோம். எழில் மாளிகையில் அன்பு என்னும் நங்கை, அவர்களை ஏன் உடனழைத்து வரவில்லை எனக் கிறிஸ்தியானை வினவுகின்றாள். அவன் அழுது விடை கூறுகின்றான். இவ்வுரையாடல் அதே 1678-இல் வந்த இரண்டாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. குறையை முதலில் உணர்ந்தவர் ஆசிரியரே எனக் கொள்ள இஃது இடந்தருகின்றது. எனினும் அவ்விடை நம்மை முற்றும் நிறைவிப்பதன்று. முதற் பகுதியில் அன்பு உடன்வழிப்போக்கர் எல்லையளவில் நின்றுவிடுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. அறிவீனனோடு இருவரும் உரையாடியும், இறுதியில் அவனைப் பின்னே விட்டு விரைகின்றனர்.

1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியே இதற்கு உண்மையான விடை. அதில் மனைவியும் மக்களும் பயணம் புறப்படுகின்றனர். வழித்துணையாகிய பெருநெஞ்சன், மெலிந்த மனத்தானையும் ஊன்றுகோலால் நடப்பானையும் விட்டு விரையாது, அவர்தம் நடைக்கேற்ப நடத்திச் செல்கின்றான். கிறிஸ்தியான் தப்பி மட்டுமே வந்த ஐயக்கோட்டை, இவர்களால் இடித்துத் தகர்க்கப்படுகின்றது. அரக்கனும் மடிகின்றான், மனச்சோர்வன் என்பானும் அவன் மகளும் சிறை மீள்கின்றனர்.

ஆகவே, இரு பகுதிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றிப் பனியனின் கருத்து முழுமையுறாது. முதற் பகுதி ஒன்றையே கற்று அவரைத் தன்னல மீட்பின் புலவர் எனல் பொருந்தாது. அப்பகுதியிற் குறையே இல்லை எனலும் பொருந்தாது. சுருளைத் தன் மார்பில் தேடிய ஒருவனின் கதை, பிறர் தளர்நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தின் கதையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியே அந்நூலின் பெருமை என்பது நம் துணிபு.