குடும்பத் தொழிலும் குடியரசும்: அமெரிக்கப் புரட்சிக்காலப் பெண் அச்சாளர் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் புரட்சியின் வரலாறு பெரும்பாலும் பேசியோரதும் போரிட்டோரதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பேச்சினை அச்சிலேற்றி ஊர்தோறும் கொண்டு சென்றோர் பின்னணியிலேயே நிற்கின்றனர். அவருள்ளும் பெண் அச்சாளர் மீது ஆய்வாளர் கவனம் திரும்பியது மிகப் பிந்தியே. இத்துறையில் இருவேறு நோக்குகள் உள. குடியேற்ற நாட்டுக் காலத்துப் பெண்கள் வணிகத்திலும் கைத்தொழிலிலும் பரவலாக ஈடுபட்டிருந்தனரென்றும், அவ்வாய்ப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குறுகினவென்றும் எலிசபெத் டெக்ஸ்ரர் 1924 இல் வெளியிட்ட நூலிற் கூறினார். அத்தகைய பொற்காலம் எதுவும் இருந்ததில்லை என மேரி பெத் நோர்ட்டன் போன்றோர் பின்னர் மறுத்தனர். பெண் அச்சாளருக்கு இடமளித்த சமூக நிலைமை யாது, புரட்சி வெற்றி பெற்றபின் அவ்விடம் ஏன் சுருங்கிற்று என்ற இரு வினாக்களுக்கும் விடை காண முயலும்போதே இவ்விரு நோக்குகளின் தகுதியையும் நாம் மதிப்பிட முடியும்.

முதலிலே தொழிலின் அமைப்பை நோக்குதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அச்சியந்திரசாலை பெரும்பாலும் வீட்டோடு இணைந்ததாகவே இருந்தது. எழுத்துக் கோத்தல், மை பூசுதல், அச்சிட்ட தாள்களை உலர்த்துதல், கணக்கெழுதுதல் ஆகிய வேலைகளை மனைவியும் மக்களும் தொழில் பயிலுநரும் பகிர்ந்து கொண்டனர். நியூபோர்ட் நகரில் 1735 இல் கணவனை இழந்த ஆன் பிராங்ளின் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தி, அக்குடியேற்ற நாட்டின் சட்டங்களை அச்சிட்டார். எழுத்துக் கோத்தவருள் அவருடைய புதல்வியரும் இருந்தனர். தொழிற்றிறன் குடும்பத்தினுள்ளேயே கையளிக்கப்பட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

ஆயின், திறன் இருந்தது போல உடைமை உரிமை இருக்கவில்லை. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி மணமான பெண்ணின் சட்டவுரிமை கணவனுள் அடங்கியது. அவள் தன் பெயரில் ஒப்பந்தஞ் செய்யவோ வழக்காடவோ பொதுவாக இயலாது. கணவனின் மரணமே அவளை மீண்டும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக்கிற்று. இதனாலேயே இக்காலப் பெண் அச்சாளரிற் பெரும்பாலோர் கைம்பெண்களாய் இருந்தனர். தென் கரோலினாவிற் பெஞ்சமின் பிராங்ளினின் பங்காளியாயிருந்த லூயிஸ் திமோதி 1738 இல் இறந்தபின் அவருடைய மனைவி எலிசபெத் பத்திரிகையைப் பொறுப்பேற்றார். கணவனிலும் பார்க்க அவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினாரெனப் பிராங்ளின் தம் சுயசரிதையிற் பாராட்டுகின்றார். அதனைத் தொடர்ந்து, கைம்மை நேரின் இசையிலும் நடனத்திலும் பார்க்கக் கணக்கறிவே பெண்களுக்குப் பயன்படும் என்றும் அவர் கூறுகின்றார். பெண்ணின் தொழிலறிவைக் கணவன் இறந்தபின் பயன்படும் சேமிப்பாகக் கருதும் மனப்பாங்கினை, அக்காலத்து முற்போக்காளர் எனத்தக்க ஒருவரிடமே காண்கிறோம்.

இவ்வாறு கைக்கு வந்த அச்சியந்திரங்களே பிரித்தானிய ஆட்சிக்கெதிரான கருத்துப் போராட்டத்திற் கருவிகளாயின. மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிசில் 1767 இல் விதவையான ஆன் கதரின் கிறீன், தாம் இறந்த 1775 வரை ‘மேரிலாந்து கசற்’ பத்திரிகையை நடத்தினார். குடியேற்ற நாட்டவர் மீது பிரித்தானியப் பாராளுமன்றம் வரி விதிப்பதைக் கண்டித்து ஜோன் டிக்கின்சன் எழுதிய மடல்கள் அதில் வெளிவந்தன. வில்லியம்ஸ்பேர்க் நகரில் ‘வேர்ஜீனியா கசற்’ பத்திரிகையை 1773 இற் பொறுப்பேற்ற கிளெமென்ரினா றின்ட், மறு ஆண்டு சட்டசபையின் வாக்கெடுப்பிற் பொது அச்சாளராகத் தெரிவு செய்யப்பட்டார். பிரித்தானிய அமெரிக்காவின் உரிமைகளை எடுத்துரைக்கும் தோமஸ் ஜெபர்சனின் சிறுநூலை 1774 ஓகஸ்டில் அச்சிட்டவர் அவரே. அடுத்த மாதமே அவர் காலமானார். அரச அச்சுவேலை பெண்ணொருவரிடம் ஒப்படைக்கப்பட்டமை அன்று விதிவிலக்காயினும் விபரீதமாகக் கருதப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்பெண்கள் யாவரும் புரட்சியின் பக்கமே நின்றனர் எனக் கொள்வது தவறாகும். பொஸ்டன் நகரில் 1774 இல் கணவனை இழந்த மார்கிரட் டிரேப்பர், முடியாட்சிக்கு ஆதரவான பத்திரிகையை நகரம் முற்றுகையிடப்பட்ட நாள்களிலும் விடாது நடத்தினார்; 1776 மார்ச்சில் பிரித்தானியப் படையுடன் வெளியேறி, பின்னர் இங்கிலாந்தில் அரச ஓய்வூதியம் பெற்றார். மறுபுறத்தில், ஹார்ட்போர்ட் நகரில் 1777 இல் விதவையான ஹன்னா வற்சன் புரட்சியை ஆதரித்த ‘கனெற்றிக்கட் கூரன்ற்’ பத்திரிகையின் பங்குடைமையை ஏற்றார். 1778 ஜனவரியில் அவருடைய கடதாசி ஆலை எரிந்தபோது, அதனை மீளக் கட்டுதற்கு அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்த மாநில மன்றம் அனுமதி வழங்கிற்று. 1779 இல் அவர் மறுமணம் புரிந்ததும் பத்திரிகையின் வெளியீட்டாளர் பெயரில் முதற் கணவனின் குடும்பப் பெயர் நீங்கி இரண்டாங் கணவனின் பெயர் இடம்பெற்றது. கைம்மை திறந்த கதவை மணம் மீண்டும் மூடியது.

இவ்வரிசையில் மணம் புரியாதவரான மேரி கதரின் கொடார்ட் (1738–1816) தனித்து நோக்கத்தக்கவர். அவருடைய தாயார் சாராவும் தம்பி வில்லியமும் பிரொவிடன்ஸ் நகரிற் பத்திரிகை நடத்தியவர்கள். தொழிலை அங்கே பயின்ற மேரி கதரின், பிலடெல்பியாவிலும் பணியாற்றி, 1774 இற் பால்ற்றிமோர் நகரில் வில்லியம் தொடங்கிய பத்திரிகையை ஏற்று நடத்தினார். 1775 மே மாதம் முதல் வெளியிடுபவர் எம். கே. கொடார்ட் என அது அறிவித்தது. அவ்வாண்டே அந்நகரின் தபாலதிபராகவும் ஆனார். 1776 ஜூலையில் முதன்முதலாக அச்சான சுதந்திரப் பிரகடனத்திற் கொங்கிரசின் தலைவரதும் செயலாளரதும் பெயர்களே இருந்தன. ஒப்பமிட்டோர் பெயர்களையும் சேர்த்து அதனை அச்சிடுமாறு, பால்ற்றிமோரிற் கூடிய கொங்கிரஸ் 1777 ஜனவரியிற் பணித்தது. அப்பணியை ஏற்ற மேரி கதரின், வழமையான முதலெழுத்துக்களை விடுத்துத் தம் முழுப்பெயரையும் தாளின் அடியிற் பொறித்தார். ஒப்பமிட்டோர் பிரித்தானியச் சட்டத்தின் முன் இராசத்துரோகிகள். அவர்தம் பெயர்களுக்குக் கீழே தம் பெயரையும் இட்டவர் அந்த ஆபத்தைத் தெரிந்தே பகிர்ந்து கொண்டார் என நாம் கொள்ளலாம்.

புரட்சி அவருக்கு அளித்த கைம்மாறு யாது? 1784 இல் வில்லியத்துடன் ஏற்பட்ட பிணக்கினாற் பத்திரிகை அவர் கைவிட்டுப் போயிற்று. புதிய அரசியலமைப்பின் கீழ் அரசாங்கம் அமைந்த 1789 இல், தபாலதிபர் பதவியும் பறிக்கப்பட்டது. அப்பதவிக்குரியவர் இனி அதிகம் பயணஞ் செய்ய வேண்டியிருக்கும், அது பெண்ணொருவரால் இயலாது என்பதே கூறப்பட்ட காரணம். பால்ற்றிமோர் நகரத்தார் இருநூற்றுக்கு மேற்பட்டோர் அவருக்காக மனுவில் ஒப்பமிட்டனர். இக்கட்டான காலத்திலே தபாற்காரருக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துச் சேவையைக் காத்ததை அவரும் எடுத்துரைத்தார். ஜனாதிபதி வாஷிங்ரன் தலையிட மறுத்துவிட்டார். பதினான்கு ஆண்டு அனுபவத்தை ஒரு பால்வேறுபாடு வென்றது. குழப்பமான காலத்திற் பெண்ணின் உழைப்பை ஏற்ற அரசு, சம்பளமும் செல்வாக்கும் உடைய நிரந்தர நிறுவனமாகியதும் அவரை வெளியேற்றிற்று.

எனினும் இப்பெண்களை ஒடுக்கப்பட்டோராக மட்டும் சித்திரித்தல் பொருந்தாது. தென்பகுதிக் குடியேற்ற நாடுகளின் பத்திரிகைகள், சுதந்திர முழக்கத்தை அச்சிட்ட அதே பக்கங்களில் அடிமை விற்பனை விளம்பரங்களையும் தப்பியோடிய அடிமைகளைத் தேடும் அறிவித்தல்களையும் தாங்கி வந்தன. அவ்விளம்பரக் கூலி அச்சகத்தின் வருவாயாகும். பெண்கள் நடத்திய பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. மேரி கதரின் கொடார்டும் அடிமையுடையவராகவே வாழ்ந்தார். பெலிண்டா ஸ்ரார்லிங் என்னும் கறுப்பினப் பெண்ணை அவர் தம் மரணசாசனத்தின் மூலம் விடுதலை செய்து உடைமைகளையும் விட்டுச் சென்றார். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் தம் பதவிக்காக நீதி கேட்ட 1789 ஆம் ஆண்டுக்குப் பின் இன்னுமொரு கால் நூற்றாண்டு கழிந்தே அவ்விடுதலை கிட்டியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, டெக்ஸ்ரர் கண்ட உண்மைகள் மறுக்கத்தக்கனவல்ல. அவற்றுக்கான விளக்கமே போதாது. பெண்கள் அச்சகங்களை நடத்தியது, வீடும் தொழிலகமும் பிரியாதிருந்த உற்பத்தி முறையின் விளைவாகும். அம்முறை தந்த இடம் குடும்பத்துக்குரியது. உரிமையென்ற வகையிற் பெண்ணுக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலீடு பெருகி அச்சகம் வீட்டினின்று பிரிந்தபோது, பெண்கள் தாள் மடிக்கவும் நூல் கட்டவும் கூலியாளராக அங்கு மீண்டும் நுழைந்தனர். குடியரசு தன் பெண்களிடம் எதிர்பார்த்தது குடிமக்களைப் பெற்று வளர்க்குந் தாய்மையையே என லின்டா கேர்பர் காட்டியிருப்பது இம்மாற்றத்தின் கருத்தியற் பக்கமாகும்.

ஆகவே, முதற் பெண் அச்சாளர், முதற் பெண் தபாலதிபர் என்ற பட்டியல்களோடு பெண்கள் வரலாறு நிறைவுறாது. எழுத்தும் இயந்திரமும் எவருடைய உடைமை, எச்சட்டத்தின் கீழ் அவை ஒருவர் கைக்கு வந்தன, எவருடைய கட்டாய உழைப்பு அதற்கு அடித்தளமாயிற்று என்ற வினாக்களை எழுப்பும்போதே அப்பெயர்கள் பொருள் பெறுகின்றன. பிரகடனத்தின் அடியிலுள்ள மேரி கதரின் கொடார்டின் முழுப்பெயர், புரட்சிக்குப் பெண்ணொருவர் ஆற்றிய பங்கினை உறுதிப்படுத்துவது போலவே, அப்புரட்சி அவருக்கு நிறைவேற்றாது விட்ட கடனையும் எமக்கு உணர்த்தி நிற்கின்றது.