நல்லதங்காளும் ‘நீடித்த சினமூட்டலும்’: குற்றப்பொறுப்பு குறித்து ஓர் அன்றாடமொழி நோக்கு

பழிக்கு ஆளானவர் தம் செயலுக்குச் சமாதானம் கூறும்போது பயன்படுத்தும் அன்றாடச் சொற்களை ஆராய்ந்தால் பொறுப்பு என்னும் கருத்து தெளிவுபெறும் என்று ஜே. எல். ஆஸ்டின் 1956ஆம் ஆண்டு உரையில் வாதிட்டார். அவர் பெரிதும் ஆராய்ந்தவை ஆங்கில வினையடைகள். தமிழில் ‘வேண்டுமென்றே’, ‘அறியாமல்’, ‘கைதவறி’ என்பவற்றோடு நிறுத்துவது போதாது. வேற்றுமை உருபுகளும் இங்குப் பொறுப்பைப் பங்கிடுகின்றன.

1989இல் வெளியான சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்குத் தக்க சான்று. கணவனின் கொடுமை தாளாத தாய் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்தார். அவர் பிழைத்தார், குழந்தைகள் இறந்தனர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிலுள்ள முதல் விதிவிலக்குக்குச் சினமூட்டல் கடுமையாகவும் திடீரெனவும் நிகழ்ந்திருக்கவேண்டும். இறந்தவர் சினமூட்டியவராகவோ, தவறுதலாலோ தற்செயலாலோ மாண்ட பிறராகவோ இருக்கவேண்டும். இவ்வழக்கு இவற்றுள் எதிலும் அடங்காது. நீதிமன்றம் ‘நீடித்த சினமூட்டல்’ என்பதைப் பட்டியலுக்கு வெளியிலான விதிவிலக்காக ஏற்றது. நல்லதங்காள் பெயரையும் துணைக்கழைத்தது.

தீர்ப்பின் பரிவு பாராட்டத்தக்கது. தேர்ந்த சொல் பொருந்தவில்லை. சினம் ஒருவர்மீது எழுவது. இத்தகைய தாயைப் பற்றித் தமிழர் ‘ஆத்திரத்தில் செய்தாள்’ என்பதில்லை. ‘மனம் வெறுத்து’, ‘தாங்கமாட்டாமல்’ என்பர். கன்னிவாடி போன்ற திண்டுக்கல் சமவெளி ஊராயினும் பிற ஊராயினும், ‘பிள்ளைகளைக் கொன்றாள்’ என்பதைவிட ‘பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தாள்’ என்பதே பேச்சுக்கு இயல்பு. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள் தாயின் துயரை உள்ளபடி உணர்த்துகிறது. ஆனால் அதே உருபு பிள்ளைகளை அவள் முடிவின் பங்காளிகளாக்கிவிடுகிறது. அவர்களுக்கு வாழ விருப்பம் இருந்ததா என்னும் வினாவுக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை.

கதைப்பாடல் இவ்வகையில் பேச்சுவழக்கைவிட நேர்மையானது. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளிய பின்னரே தான் விழுகிறாள். மூத்தவன் மன்றாடுவதும் உண்டு. பழி மூளி அலங்காரிமீது சேர்ந்தாலும் இரண்டாம் வேற்றுமை மறைவதில்லை. நீதிமன்றம் எடுத்துக்கொண்ட பெயருக்குள் தாய்க்கான சமாதானமும் பிள்ளைகளின் மறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சினமூட்டல்’ என்னும் சொல்லோ கணவனுக்கும் மனைவிக்கும் இடைப்பட்டதை மட்டுமே பேசுகிறது.

அன்றாடமொழி ஆய்வின் தொடக்கமே, முடிவன்று என்பது ஆஸ்டினுக்கும் உடன்பாடே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவு பழைய ஐந்து விதிவிலக்குகளையே தொடர்கிறது. மனம் வெறுத்த தாய்க்கு அதில் இன்னும் தனிச்சொல் இல்லை.