வளாகத்தோடு நின்றுவிடும் களப்பணி

கணினி அறிவியலில் பெண்கள் ஏன் குறைவு என்று மேற்குலக ஆய்வாளர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மலேசியாவின் பினாங்கில் களப்பணி செய்த ஆய்வாளர் உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இங்கே ஏன் இத்தனை பெண்கள்? அவரது கட்டுரை 2009இல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழக மாணவிகளிடமும் விரிவுரையாளர்களிடமும் பேசிய விவியன் லாகேசன், அதற்கு முந்தைய ஆண்டே ஏறக்குறைய இதே வியப்பைப் பதிவு செய்திருந்தார்.

வியப்புக்குக் காரணம் உண்டு. இந்த ஆய்வுகளின் அளவுகோல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் 7 விழுக்காட்டினரே பெண்கள். 2000இல் அது 42 ஆனது. அந்த மாற்றத்தை நேர்காணல்களின் வழி விவரித்த ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரின் 2002ஆம் ஆண்டு நூல், சிறுவயதிலேயே கணினியைக் கழற்றி மாட்டிப் பழகிய பையன்களின் கூடாரமாகத் துறையைக் காட்டியது. அந்தச் சட்டகம் மலேசியாவுக்குப் பொருந்தவில்லை. வெயிலிலும் கட்டுமானத் தளத்திலும் நிற்காமல், உள்ளே உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் பெண்ணுக்கு ஏற்றது என்றார்கள் இங்கே.

இந்தப் பதில் சற்று வசதியானது என்பது என் எண்ணம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு தமிழ் மாணவியிடம் ஆங்கிலத்தில் கேட்கும்போது உடனே வாயில் வருவது அதுதான். அதே பெண் வீட்டில் தமிழில் பேசும்போது கல்விக் கடன், அண்ணனின் படிப்பு, விடுதிக்கு அனுப்பத் தயங்கும் அப்பா எல்லாம் உள்ளே வரக்கூடும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்; எது எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்று எழுதாத குறிப்பேடு பாதிக் குறிப்பேடுதான்.

அடுத்தது இனம். மெல்ஸ்ட்ரோம் பாலினத்தைத் தனியாகப் பார்க்கவில்லை. மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் முன்னுரிமை தரும் பூமிபுத்ரா கொள்கை மலாய்ப் பெண்களுக்குத் திறந்த வாய்ப்பையும் சேர்த்தே எடைபோட்டார். ஆனால் அவரது வாதம் முதன்மையாக மலாய், சீனர் என்ற இரு கரைகளுக்கு இடையே ஓடுகிறது. தமிழ்ப் பெண் எங்கே?

மாக் மண்டினை எடுத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தின் பழைய தொழிற்பேட்டை. தமிழ்ப்பள்ளி உள்ள ஊர். பினாங்குத் தீவின் கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கடலைக் கடந்து போக வேண்டும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பெண்ணுக்கு அங்கே போவதற்குள் பாதைகள் பிரிந்துவிடும்: மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், போலிடெக்னிக், கடன் வாங்கித் தனியார் கல்லூரி, இல்லையென்றால் தொழிற்சாலை. வளாகத்துக்குள் மட்டும் பேட்டி எடுக்கும் ஆய்வு, இடம் கிடைத்தவளை மட்டுமே சந்திக்கிறது. கிடைக்காதவளையும் விரும்பாதவளையும் பார்க்க, தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பின்தொடர வேண்டும்.

மானுடவியலாளர் ஐஹ்வா ஓங் முன்பே வீடுவரை போனவர். சிலாங்கூரின் கோல லங்காட் பகுதியில் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய அவரது 1987ஆம் ஆண்டு நூல், கம்பத்து வீட்டையும் தொழிற்சாலையையும் சேர்த்தே பார்க்கிறது. ஆலைப் பெண்ணின் வீடுவரை போன மானுடவியல், கணினி மாணவியிடம் வந்ததும் வளாக வாசலிலேயே நின்றுகொண்டது ஏனோ!

உள்ளூர்த் தமிழ்ப் பெண்ணே ஆய்வாளராகப் போனாலும் கதவு தானாகத் திறந்துவிடாது. முதலில் அவளுக்குத்தான் பேட்டி: எந்தப் பக்கம், யார் மகள், கல்யாணம் ஆகிவிட்டதா? பிறகு, "நீ ஏம்மா கம்ப்யூட்டர் எடுத்தே?" என்று மகளைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். "அவளுக்கு டீச்சர் ஆகத்தான் ஆசை, நாங்கதான் இதை எடுக்கச் சொன்னோம்." மகள் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலை இசைவு என்று எழுதுவதா, மரியாதை என்று எழுதுவதா என்று ஒலிப்பதிவுக் கருவி சொல்லாது.

எழுதும்போது இன்னொரு சிக்கல். வகுப்பில் தமிழ் மாணவிகள் இரண்டு மூன்று பேர்தான் என்றால், பெயரை மாற்றினாலும் விரிவுரையாளருக்கு ஆள் தெரிந்துவிடும். இரண்டு பேரின் கதையைக் கலந்து ஒருத்தியாக எழுதலாம் என்பார்கள். அப்படிக் கலந்தால், எந்த வீட்டின் பண நெருக்கடி எந்தப் பெண்ணின் முடிவைத் திருப்பியது என்பது அழிந்துபோகும். ஆய்வு தேடிப் போனதே அதைத்தான்.