33ஆவது இடம் யாருக்காக?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அமைப்பான தேசிய ஹாக்கி லீக் 1917இல் மான்ட்ரியல் நகரில் தொடங்கியது. இன்று அதில் 32 அணிகள்: 25 அமெரிக்காவில், 7 கனடாவில். இதை 34 ஆக்கலாமா என்ற பேச்சு சில ஆண்டுகளாக வலுத்துவருகிறது. அட்லாண்டா, ஹூஸ்டன் ஆகிய ஊர்களின் பெயர்கள் முன்னால் நிற்கின்றன. ஓர் இடத்துக்கு 200 கோடி டாலர் வரை விலை போகலாம் என்றும் செய்திகள் வருகின்றன. அணிகள் பெருகினால் ஆட்டத்தின் தரம் கெடும் என்பது ஒரு தரப்பு; ஆட்டம் புதிய ஊர்களில் வேர்பிடிக்கும் என்பது மறு தரப்பு. கடந்த அறுபது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டாம் தரப்புக்கே சான்றுகள் அதிகம். ஆனால் இரு தரப்பும் போதிய அளவு பேசாத குறை ஒன்று இந்த நடைமுறைக்குள் இருக்கிறது. புதிய அணிக்கு அனுமதி தருபவர்கள் பழைய அணிகளின் முதலாளிகள். நுழைவுக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்பவர்களும் அவர்களே. அணி நொடித்து ஊரைவிட்டுப் போனால் இழப்பு அந்த ஊர் மக்களுக்கு. இந்த ஏற்பாட்டைத் திருத்தாமல் 33ஆவது அணியைச் சேர்க்கக் கூடாது என்பது என் முடிவு.

விரிவாக்கம் தந்த நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1942 முதல் 1967 வரை லீக்கில் ஆறே அணிகள். சிகாகோவுக்கு மேற்கே ஒன்றுகூட இல்லை. வீரர்களில் ஏறத்தாழ எல்லோரும் கனடியர்கள். 1967இல் ஒரே வீச்சில் ஆறு அணிகள் சேர்ந்து எண்ணிக்கை இரட்டிப்பானது. அப்படி வந்த ஃபிலடெல்ஃபியா ஏழே ஆண்டுகளில் லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றது. மறு ஆண்டும் வென்றது. 1972இல் சேர்ந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளைத் தூக்கியது. 1967இன் புதுவரவுகளில் ஒன்றான லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு 1988இல் நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி வந்தபோது கலிஃபோர்னியாவே ஹாக்கியைத் திரும்பிப் பார்த்தது. சில ஆண்டுகளுக்குள் அதே மாநிலத்தில் சான் ஹோசே, அனாஹைம் என்று இரண்டு அணிகள் முளைத்தன. கோப்பைகளைவிடப் பெரிய பலன் குழந்தைகளிடம் தெரிகிறது. இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீரராகத் தேர்வான ஆஸ்டன் மாத்யூஸ் வளர்ந்தது அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில். வினிபெக்கிலிருந்து 1996இல் பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்த அணியின் ஆட்டங்களைச் சிறு வயதில் பார்த்துத்தான் அவர் ஹாக்கிக்கு வந்தார். அந்த அணி வராதிருந்தால் அவர் கையில் ஹாக்கி மட்டை ஏறியிருக்குமா என்பது சந்தேகமே.

தரம் கெடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1974-75 சீசனில் புதிதாகக் களமிறங்கிய வாஷிங்டன் அணி 80 ஆட்டங்களில் 8 மட்டும் வென்று 67இல் தோற்றது. ஆனால் அந்த ஆண்டின் சூழலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறாக இருந்த அணிகள் ஏழே ஆண்டுகளில் 18 ஆகியிருந்தன. போட்டியாகத் தொடங்கிய உலக ஹாக்கி சங்கத்தில் மேலும் 14 அணிகள் இருந்தன. ஆக, இன்றைய லீக்கில் உள்ள அதே 32 அணிகளுக்கு அன்று பெரும்பாலும் கனடா ஒரு நாடுதான் வீரர்களைத் தந்துகொண்டிருந்தது. இன்று ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, செக் நாடு, அமெரிக்கா எனப் பல ஊற்றுகள் பாய்கின்றன. லீக்கில் கனடியர்கள் பாதிக்கும் குறைவு. அணிக்கு 23 வீரர்கள் என்று வைத்தால் இப்போது 736 இடங்கள். இரண்டு அணிகள் கூடினால் 46 இடங்கள் கூடும்; ஆறு விழுக்காட்டுச் சொச்சம். தவிரவும், திறமை இல்லாததால்தான் வீரர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதும் சரியில்லை. 2017இல் லாஸ் வேகாஸ் அணி உருவானபோது கொலம்பஸ் அணி அதற்கு வில்லியம் கார்ல்சன் என்ற வீரரை விட்டுக்கொடுத்தது. முந்தைய சீசனில் அவர் அடித்தது 6 கோல். வேகாஸில் முதல் சீசனிலேயே 43. பழைய அணியில் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தவருக்கு ஆடுவதற்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அணி முதல் ஆண்டிலேயே இறுதிச் சுற்றுக்குப் போனது. 2023இல் கோப்பையை வென்றது.

வெயில் ஊர்களில் ஐஸ் ஹாக்கி எடுபடாது என்பது அடுத்த ஆட்சேபம். டாம்பா பே மூன்று முறை கோப்பை வென்றிருக்கிறது. மயாமிக்குப் பக்கத்தில் ஆடும் ஃப்ளோரிடா அணி 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்றது. அப்படியானால் அட்லாண்டா ஏன் இருமுறை அணியை இழந்தது? 1972இல் வந்த ஃபிளேம்ஸ் 1980இல் கால்கரிக்குப் போனது. 1999இல் வந்த த்ராஷர்ஸ் 2011இல் வினிபெக்குக்கு விற்கப்பட்டது. த்ராஷர்ஸ் ஆடிய 11 சீசன்களில் ஒரே ஒரு முறைதான் பிளே-ஆஃப் சுற்றை எட்டியது. அதிலும் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. அதை வைத்திருந்த கூட்டாளிகள் ஆண்டுக்கணக்கில் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசோனாவிலும் கதை இதுவே: 2009இல் திவால், 2022 முதல் இரண்டு சீசன்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐந்தாயிரம் பேர்கூட உட்கார முடியாத சிறிய அரங்கில் ஆட்டம், 2024இல் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றம். இந்த அணிகளை வீழ்த்தியவை முதலாளிகளின் தள்ளாட்டமும் அரங்கச் சிக்கலும். வெப்பமானியில் காரணம் தேடுவது வீண்.

இங்கேதான் நடைமுறையின் அடிப்படைக் குறை வெளிப்படுகிறது. 1967இல் நுழைவுக் கட்டணம் 20 லட்சம் டாலர். வேகாஸ் 50 கோடி கொடுத்தது. 2021இல் களமிறங்கிய சியாட்டில் 65 கோடி கொடுத்தது. வேகாஸின் பணத்தில் 30 அணிகளுக்கும் தலா 1.66 கோடிக்கு மேல் கிடைத்தது. வீரர்களோடு பாதிக்குப் பாதி பகிரப்படும் வருவாய்க் கணக்கில் இந்தத் தொகை சேராது, முழுவதும் முதலாளிகளுக்கே. அட்லாண்டா கணக்கு இன்னும் தெளிவானது. த்ராஷர்ஸ் உள்ளே வர 8 கோடி டாலர் கட்டணம். அந்த அணி வினிபெக்குக்கு 17 கோடிக்கு விற்கப்பட்டபோது அதில் 6 கோடி இடமாற்றக் கட்டணமாக லீக்கிடம் போனது. அணி வந்தபோதும் லீக்குக்குப் பணம், போனபோதும் பணம். பன்னிரண்டு ஆண்டுகள் டிக்கெட் வாங்கி, பிள்ளைகளுக்கு அந்த அணியின் சட்டை வாங்கிக் கொடுத்த அட்லாண்டாக்காரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அரிசோனா அணி முன்பு ஆடிவந்த க்ளெண்டேலின் நகராட்சியோ அந்த அணி ஊரைவிட்டுப் போகாமலிருக்க இரண்டு சீசன்களுக்குத் தலா 2.5 கோடி டாலரை மக்களின் வரிப்பணத்திலிருந்து லீக்குக்குத் தர ஒப்புக்கொண்டது. கடைசியில் அணியும் தங்கவில்லை.

இதற்கு முதலாளிகள் தரப்பில் நியாயமான பதில் ஒன்று உண்டு. தொலைக்காட்சி வருவாயை 32 ஆகப் பிரிப்பதற்கும் 34 ஆகப் பிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கட்டணம். தொகை பெரிதாக இருந்தால்தான் வசதியுள்ள, விலகிப்போகாத முதலாளி வருவார். முதல் வாதத்தை ஏற்கலாம். இரண்டாவதை வரலாறு முழுமையாக ஏற்கவில்லை. 8 கோடியும் 1999இல் சிறிய தொகையல்ல. கட்டணத்தைக் கட்டும் வலிமை ஒன்று, தோல்வியான ஐந்தாறு சீசன்களைத் தாங்கி நிற்கும் உறுதி வேறொன்று. 2015இல் திறந்த புதிய அரங்கோடும், தலைமுறை தலைமுறையாக ஹாக்கி பார்க்கும் மக்களோடும் விண்ணப்பித்த கியூபெக் நகரத்தின் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. கனடிய டாலரின் மதிப்பு, கிழக்குப் பகுதியில் அணிகள் கூடிவிடும் சிக்கல் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. இருந்தாலும், ஹாக்கி ஏற்கெனவே உயிர்ப்போடு இருக்கும் ஊரைவிட அதிக விலை தரக்கூடிய சந்தை முந்திக்கொள்கிறது என்ற ஐயம் நீங்கவில்லை.

பழைய ரசிகர்களும் ஒரு விலை கொடுக்கிறார்கள். 32 அணிகள் உள்ள லீக்கில் எல்லோரோடும் இரண்டு முறை ஆடினால் 62 ஆட்டங்கள் போய்விடும். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் பக்கத்து ஊர்ப் பகையாளிகளோடு கூடுதலாக மோத 20 ஆட்டங்கள் மிஞ்சும். 34 ஆனால் அது 16 ஆகும். 1980களில் 21 அணிகளில் 16 பிளே-ஆஃபுக்குப் போயின. இன்று 32இல் அதே 16. 1970இல் சேர்ந்த பஃபலோவும் வான்கூவரும் இன்னும் ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. வரிசையில் இன்னும் இருவரை நிறுத்தும்போது இந்தக் காத்திருப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிளே-ஆஃப் இடங்களைக் கூட்டினால் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்யலாம் என்பதால், இதை விரிவாக்கத்தையே மறுக்கும் காரணமாக நான் கொள்ளவில்லை.

வேறு வழி உண்டா? பெண்களுக்கான தொழில்முறை ஹாக்கி லீக் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கிய அது, மறு ஆண்டு அணி இல்லாத ஊர்களுக்கு ஆட்டங்களைக் கொண்டுபோய் மக்களின் ஆர்வத்தை அளந்து பார்த்தது. வான்கூவரில் 19,000 பேருக்கு மேல் திரண்டார்கள். அதன் பிறகே வான்கூவரும் சியாட்டிலும் சேர்க்கப்பட்டு எட்டு அணிகளாயின. எல்லா அணிகளும் ஒரே உரிமையின்கீழ் இருப்பதால் புதியவரிடம் வாங்கிப் பழையவர்கள் பங்கிடும் கணக்கு அங்கே எழவில்லை. ஆண்கள் லீக் அந்த அமைப்புக்கு மாற முடியாது. ஊரின் நாடி பார்த்து முடிவெடுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே அட்லாண்டாவுக்கு மூன்றாம் முறை அணி தருவதை நான் எதிர்க்கவில்லை. நிபந்தனையின்றித் தருவதை எதிர்க்கிறேன். அரங்கம் அணியின் கையில் உறுதியாக இருக்க வேண்டும். குறைந்தது இருபது ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்திட வேண்டும். விற்க நேர்ந்தால் உள்ளூர்க்காரர்களுக்கே முதல் உரிமை. நுழைவுக் கட்டணத்தில் கணிசமான பங்கு தனி அறக்கட்டளையில் வைக்கப்பட்டு, அந்த ஊரில் பனித்தளங்கள் கட்டவும் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுத்தரவும் செலவாக வேண்டும். அணி போய்விட்டாலும் அந்தப் பணம் ஊரிலேயே தங்க வேண்டும். இவற்றை ஏற்க முதலாளிகள் தயாரென்றால் 34 அணிகளை இந்த ஆட்டம் தாங்கும். தயாரில்லையென்றால் 32 அணிகளே போதும்.