தலையெழுத்தும் மூளி அலங்காரியும்

தமிழ்த் திரையில் விதியைப் பாடிய பாட்டுகளைத் தேடிப் போனால் 1962ஆம் ஆண்டைத் தாண்ட முடியாது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘பாத காணிக்கை’, ‘ஆலயமணி’ மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. மூன்றிலும் கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. முதல் படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸும் மற்ற இரண்டில் டி. எம். சௌந்தரராஜனும் பாடியவை இன்னும் பழசாகவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கேத வீடுகளில் மைக்செட் கட்டினால் ‘பாத காணிக்கை’ப் பாட்டுக்கு இன்றும் இடமுண்டு. இத்தகைய பாட்டுகள் ஏழைகளை முடக்கிப்போட்டன என்பது பகுத்தறிவாளர்கள் நெடுநாளாக வைக்கும் குற்றச்சாட்டு. எனக்கு வேறொன்று படுகிறது. விதியைப் பாடியதில் குறையில்லை; நாட்டார் பாட்டில் விதிக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதக் குற்றவாளியை ஒலித்தட்டு வெளியே தள்ளிவிட்டது, அதில்தான் குறை.

இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் பதிப்பாக விற்ற அவள் கதை, வானம் பொய்த்த நாட்டின் கதை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி சோறு போட மறுக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். தலையெழுத்தைச் சொல்லி அழ இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது, அழவும் செய்கிறார்கள். ஆனாலும் அந்த அழுகை மூளி அலங்காரியை விட்டுவைப்பதில்லை. பஞ்சம் விதி, அடுப்படியில் கதவைச் சாத்தியது விதியல்ல என்று கதை பிரித்துக் காட்டுகிறது, தண்டனையும் கொடுக்கிறது. ஒப்பாரியும் அப்படித்தான். எழுதினவனைத் திட்டிய வாயோடு, சீர் செய்யாத அண்ணனையும் சொத்தைப் பிடுங்கிய பங்காளியையும் ஊர் கேட்க இழுத்து வைக்கும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத பெண்ணுக்கு அந்த ஒரு பொழுதில் மட்டும் தடையில்லை.

ஒலித்தட்டில் இதற்கு வழியில்லாமல் போனது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அதற்குள் அடங்க வேண்டும். எந்த ஊர், எந்தச் சாதி வீட்டிலும் பொருந்த வேண்டும். ஆகவே ஆள் போய் ‘வாழ்க்கை’ வந்தது. கொல்லங்குடி கருப்பாயி வானொலியிலும் 1985இல் ‘ஆண்பாவம்’ படத்திலும், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் மேடையிலும் ஒலிநாடாவிலும் கிராமத்துக் குரலை எங்கும் கேட்கவைத்தார்கள். அது பெரிய காரியம். என்றாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகிறவருக்கு எதிரே பங்காளி உட்கார்ந்திருக்கவில்லை. குரல் வந்தது, வழக்கு வரவில்லை.

சரி, விதி என்ற பேச்சே சோம்பலுக்குச் சாக்கு அல்லவா? 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாட்டு, சும்மா இருந்துவிட்டு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்பவர்களைத்தான் சாடுகிறது. அந்தப் படத்தை எடுத்து நடித்த எம்.ஜி.ஆரை 1977இல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது அருப்புக்கோட்டை. இதே மக்கள் விதிப் பாட்டையும் கேட்டார்கள். இரண்டும் மோதியதாகத் தெரியவில்லை. மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு விதைக்கிற மானாவாரிச் சம்சாரிக்குத் தலையெழுத்து என்பது வெள்ளாமை போன பிறகு வரும் பேச்சு. விதைக்கும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர் இதற்கு நேர்மாறாகச் சொன்னவர் என்பதையும் மறைக்கக் கூடாது. 1898இல் திருவண்ணாமலைக்கு வந்து வீட்டுக்கு அழைத்த தாய்க்கு, நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடக்காதது எம்முயற்சியாலும் நடக்காது என்ற கருத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அது தன் வாழ்வை வேறு பக்கம் திருப்பிவிட்ட ஒருவர் தன்னைப் பற்றி எழுதியது; பிறர் செய்த தீங்குக்கு அதைச் சமாதானமாக நீட்டுவது அவருக்கும் நியாயமில்லை.

கண்ணதாசன் பாட்டு ஆறுதல் தருகிறதே என்பார்கள். தருகிறது. வயதாகிப் போனவர், தீரா நோயில் போனவர் வீட்டில் குற்றம் சுமத்த ஆளில்லை, அங்கே அதைவிட நல்ல பாட்டு இல்லை. எல்லாச் சாவும் அப்படியல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பின்னும் இந்த மாவட்டத்தில் ஆலை வெடிப்பது நிற்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் விதியை மட்டும் பாடும் ஒலிபெருக்கி, மருந்துக் கலவையைக் கையாள விட்டவன் யார், கண்காணிக்க வேண்டியவன் எங்கே போனான் என்று பேர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒப்பாரியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.