மூன்று புகார்கள்

கப்பலில் பொறியாளராக வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் இந்தப் பத்திரிகைக்கென்று ஒரு பயணக்கட்டுரை அனுப்பியிருந்தான். ஆசிரியர் அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். போடவேண்டாம் என்றேன். விஷயம் நண்பன் காதுக்கு எட்டிவிட்டது. ஒற்றை வரியில் கடிதம் வந்தது: “நீ போனதே இல்லை. போய்வந்தவனைத் திருத்த உனக்கென்ன யோக்யதை?” நியாயமான கேள்விதான். வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நடுக்கடல் தீவைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? இதற்குப் பதில் சொல்லப் போனவன் எங்கே வந்து நின்றேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அவன் போனது பனாமாவின் கரீபியன் கரையை ஒட்டிச் சிதறிக்கிடக்கும் குனா யாலா தீவுகளுக்கு. பழைய வரைபடங்களில் சான் பிளாஸ் என்றிருக்கும். 300க்கும் அதிகமான தீவுகள். மனிதர் வசிப்பவை ஏறத்தாழ 50. குனா என்னும் ஆதிக்குடிகளின் பிரதேசம் அது, அவர்களே ஆள்கிறார்கள். 2023 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டிறங்கியவன், ஊர் திரும்புமுன் நான்கு நாள் அங்கே இருந்திருக்கிறான். பனாமா நகரத்திலிருந்து ஜீப்பில் மலை தாண்டிக் கார்தி என்ற கரை, அங்கிருந்து படகு.

கட்டுரையில் பதினாறு பக்கம். தென்னை, வெள்ளை மணல், கண்ணாடி போன்ற நீர், தீயில் வாட்டிய சிங்கிறால். ‘காலம் உறைந்த தீவு’, ‘கள்ளமறியா மாந்தர்’, ‘யாருக்கும் சொந்தமில்லாத கரை’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை அனுபவத்திலிருந்து பிறந்த சொற்கள் அல்ல; அனுபவத்துக்கு முன்பே பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப்போன சொற்கள். இவற்றை எழுத அவன் ஜீப் ஏறியிருக்கவே வேண்டியதில்லை. அந்த அளவில் அவனும் என்னைப்போல் போகாதவன்தான். வார இதழ்கள் நமக்குப் பழக்கிக் கொடுத்த பயணக்கட்டுரை என்பதே பெரும்பாலும் இதுதான்: போய்வந்ததன் மூலம் போகாமல் இருப்பது.

ஆனால் மூன்று இடங்களில் அவன் நடை மாறுகிறது, வாக்கியங்கள் சுருங்குகின்றன, கோபம் தெரிகிறது. மூன்றும் புகார்கள். ஒன்று, மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பாஸ்போர்ட்டைப் பார்த்து நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். ‘ஒரே நாட்டுக்குள் இன்னொரு நாடா?’ இரண்டு, ஒரு பெண்ணைப் படமெடுக்கப் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு டாலர் என்று விரலைக் காட்டினாள். மூன்று, காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்க அனுமதியில்லை. கள்ளமறியா மாந்தர் இப்படியா நடந்துகொள்வார்கள் என்ற ஏமாற்றம் மூன்றிலும் இருக்கிறது.

பதினாறு பக்கத்தில் உயிருள்ள வரிகள் இவை மட்டுமே என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இங்கு மட்டுமே அவனுக்கு எதிரே ஒரு மனிதர் நிற்கிறார். ஒரு அரசாங்கம் நிற்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் அவன் தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

‘இன்னொரு நாடா’ என்று கேட்டவனுக்குச் சரித்திரம் பதில் சொல்லும். 1903இல் கொலம்பியாவிலிருந்து பிரிந்த பனாமா, குனாக்களை ‘நாகரிகப்படுத்த’ முனைந்தது. தீவுகளில் போலீஸ் நிலையங்கள் வந்தன. பெண்கள் மூக்குவளையம் அணியக் கூடாது, கால்களில் சுற்றும் மணிச்சரம் கூடாது, துணிமேல் துணி வைத்து வெட்டித் தைக்கும் மோலா ரவிக்கை கூடாது என்று கட்டாயப்படுத்தினார்கள். 1925 பிப்ரவரியில், திருவிழாக் காலத்தில், நெலே கந்துலே, சிம்ரால் கோல்மன் ஆகியோர் தலைமையில் குனாக்கள் போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்து நின்றது; அதன்மேல் வைத்து ஒப்பந்தமானது. 1938இல் தனிப் பிரதேசம் என்ற அந்தஸ்து, 1953இல் அதற்கான ஆட்சிச் சட்டம். வெளியார் அங்கு நிலம் வாங்க முடியாது. 1981இல் அமெரிக்கர் ஒருவர் நடத்திவந்த விடுதி தாக்கப்பட்டது. 1998இல் ஸ்மித்ஸோனியன் ஆய்வு நிலையத்தையே குனா பேரவை வெளியேறச் சொன்னது. விருந்தாளியை வரச்சொல்லவும் போகச்சொல்லவும் தெரிந்த வீடு அது. ஆகவே, அவன் படமெடுக்கப் போன பெண் மூக்கிலும் மார்பிலும் அணிந்திருந்தவை ‘வண்ணமயமான ஆடை அணிகலன்கள்’ அல்ல. அவள் பாட்டியின் தலைமுறையிடமிருந்து போலீஸ் பறிக்கப் பார்த்தவை. அவற்றைப் பார்ப்பதற்கு என்ன விலை என்று அவள்தான் சொல்லமுடியும். கடலும் அப்படித்தான். அவர்கள் மூச்சை அடக்கி மூழ்கித்தான் சிங்கிறால் பிடிக்கிறார்கள். அவர்களுடைய மூச்சு எட்டாத ஆழம் வந்தவனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு வரியும் இருக்கிறது. அதன் கனம் அவனுக்கே தெரியாது. ‘தகரக் கூரைகள் நெருக்கியடித்த ஒரு தீவைக் கடந்தோம், படமெடுக்கும்படி இல்லை.’ கார்தியிலிருந்து படகு விட்டவன் கடந்தது கார்தி சுக்துப் தீவாக இருக்கலாம், அருகிலிருக்கும் இன்னொன்றாகவும் இருக்கலாம். கார்தி சுக்துப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நடக்கத்தான் வழி இருந்தது; கடல் ஏறி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அவன் போய்வந்த ஆறு மாதத்தில், 2024 ஜூனில், அந்தத் தீவின் 300 குடும்பங்களுக்குப் பெருநிலத்தில் கட்டிய வீடுகளின் சாவி கொடுக்கப்பட்டது. சிலர் தீவை விட்டுப் போகவில்லை. யாருமற்ற தீவுகளையெல்லாம் வருணித்தவன், மனிதர் நிறைந்திருந்த தீவை, அவர்கள் விட்டுப்போவதற்குச் சற்றுமுன், ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறான்.

இவ்வளவும் நான் புத்தகத்தில் படித்தவை. போகாதவன் போனவனை வென்றுவிட்டான் என்று இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நிறுத்த முடியவில்லை.

குனா ஊர் ஒவ்வொன்றிலும் கூட்ட வீடு ஒன்று உண்டு. மாலையில் ஊர் அங்கே கூடும். நடுவே தூளிகளில் தலைவர்கள்; அவர்களைச் சைலா என்கிறார்கள். சைலா பேசுவதில்லை, பாடுகிறார். பழங்கதையையோ நேற்று நடந்த தகராறையோ உருவகங்களில் பொதிந்து நீண்ட நேரம் பாடுவார். எதிரே இன்னொரு தலைவர் ஒவ்வோர் அடி முடிவிலும் ‘ஆமாம்’ என்று வாங்கிக்கொள்வார். பெண்கள் கேட்டுக்கொண்டே மோலா தைப்பார்கள். ‘தூங்காதே’ என்று காவலர் அவ்வப்போது குரல் கொடுப்பார்கள். பாட்டு முடிந்ததும் அர்கார் எழுந்து நின்று, பாடப்பட்டதற்கு என்ன பொருள் என்று பேச்சுமொழியில் விரித்துரைப்பார். அதாவது பாட்டும் உரையும் சேர்ந்ததுதான் அவர்களுடைய அரசாட்சி. ஜோயல் ஷெர்ஸர் 1983இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

உரையாசிரியர்கள் நமக்குப் புதிதல்ல. ஆனால் பரிமேலழகர் உரை எழுதும்போது வள்ளுவர் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. அர்காருக்குப் பாடியவர் இரண்டு கஜ தூரத்தில் தூளியில் இருக்கிறார். கேட்பவர்கள் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். நாளைக் காலை அவர்களோடுதான் இவரும் தோட்டத்துக்குப் போகவேண்டும். பாட்டின் பொருளைச் சொல்லும் உரிமை, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய கடமையோடு பிணைந்திருக்கிறது. விமர்சனம் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

என் சங்கடம் இங்கேதான். சில வருடங்களுக்கு முன் நம் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் எழுதிய, குறியீடுகளின் ஆற்றலைப் பற்றிய கட்டுரையை வைத்து ஒரு மணிநேரம் பேசினேன். அந்தக் கட்டுரையின் ஆதாரம் ஒரு குனாப் பாட்டு. ஹோல்மர், வாஸென் என்ற இரு ஸ்வீடன் அறிஞர்கள் 1947இல் வெளியிட்டது. பிரசவம் சிக்கலாகும்போது பாடுவது. ‘மூ இகாலா’ என்று பெயர். மூ என்னும் சக்தி தாயின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது; பாடுகிறவர் துணைத் தெய்வங்களோடு அவள் உடலின் வழியே மூவின் இருப்பிடம்வரை போய் அதை மீட்கிறார். பெயரிட முடியாத வலிக்குப் பாட்டு ஒரு மொழி தருகிறது, அதைக் கேட்டுக் கேட்டு உடல் இளகுகிறது என்பது லெவி-ஸ்ட்ராஸின் வாதம். கவிதை உடலைத் தொடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

ஷெர்ஸரைப் பிறகுதான் படித்தேன். அந்தப் பாட்டு ஆவிகளோடு பேசும் தனிமொழியில் இருக்கிறது. படுத்திருக்கும் பெண்ணை நோக்கி அது பாடப்படுவதில்லை. நுச்சு எனப்படும் மரப்பாவைகளை நோக்கிப் பாடப்படுகிறது. அந்த மொழியைப் பயிலாதவர்களுக்கு அது புரியாது. ஆக, அவள் அதைச் சொல் சொல்லாகப் பின்தொடர்ந்தாள் என்பது பாரிஸிலிருந்து பார்த்ததில் தோன்றிய அழகு. பாட்டு அவளுக்கு உதவாது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. உதவுவது நான் சொன்ன வழியில் அல்ல என்றுதான் ஆகிறது. வலியில் கிடந்த ஒருத்தியை நான் என் கவிதைக் கொள்கைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு விரலைக் காட்ட அவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. நண்பனாவது கட்டணம் கட்டினான், பாஸ்போர்ட்டைக் காட்டினான், இங்கே மூழ்காதே என்று ஒருவர் சொல்லக் கேட்டான். நான் எதுவும் கட்டவில்லை. தடுக்க ஆளும் இல்லை. மூச்சு எட்டாத ஆழத்துக்கு உருளை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆகவே அவன் கேள்விக்கு என் பதில்: யோக்யதை போய்வருவதில் இல்லை, போகாமல் படிப்பதிலும் இல்லை. மறுக்கக்கூடிய ஒருவர் எதிரே இருக்கிறாரா, அவர் மறுத்தது நம் எழுத்தில் பதிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவன் கட்டுரையில் அது மூன்று இடங்களில், அவன் விரும்பாமலே, பதிந்திருக்கிறது. என் பேச்சில் ஓரிடத்திலும் இல்லை.

கட்டுரையை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போடவேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தென்னையையும் மணலையும் எடுத்துவிட்டு, அந்த மூன்று புகார்களையும் தகரக் கூரைத் தீவையும் வைத்துக்கொண்டு நண்பன் அதை மறுபடி எழுதட்டும். நாலு பக்கம் வரும். அது போதும். அன்று கைதட்டியவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். நான் அன்று சொன்னது தவறு.