ஹேண்டல் மாற்றிய ஒத்து

ஹேண்டல் 1741இல் இயற்றிய ‘மெசையா’வில், பாடகர்கள் ஓய்ந்திருக்க, நரம்புக் கருவிகள் மட்டும் இசைக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பிஃபா’. கிறிஸ்துமசை ஒட்டி மலைகளிலிருந்து ரோமாபுரிக்கு இறங்கி வந்து வாசித்த இடையர்களின் இசையைத் தழுவியது அது. 1707இல் ஹேண்டல் ரோமில் இருந்தவர். தாலாட்டுப் போன்ற அந்த அசைவில் எனக்குக் குறையில்லை. குறை, அடியில் நீளும் ஒத்தில்தான்.

இடையர்களின் கருவி சம்போஞா. ஒரு தோற்பை, அதில் பொருத்திய ஒரே கட்டையில் எல்லாக் குழல்களும் செருகப்பட்டிருக்கும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என இரண்டில் விரல் துளைகள். மற்றவை ஒத்துக் குழல்கள். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தை விடாமல் ஒலிப்பவை. மொலீசே, லாத்சியோ பகுதிக் கருவிகளில் அச்சுரம் ஷட்ஜமம் அன்று, பஞ்சமம். ஹேண்டலோ தொடக்கத்திலேயே ஷட்ஜமத்தை நீட்டிவிடுகிறார்.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மெட்டின் ஷட்ஜமம் 400 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். அதன் சீரிசைகள் 400, 800, 1200 எனச் செல்லும். ஒத்து 200 ஹெர்ட்ஸில் இருந்தால் இவை யாவும் ஒத்தின் சீரிசைகளிலேயே அடங்கிவிடும். மெட்டு ஷட்ஜமத்தில் நிற்கும்போது ஒத்தோடு கரைகிறது, காது இளைப்பாறுகிறது. ஒத்து 300 ஹெர்ட்ஸ் பஞ்சமமாக இருந்தாலோ அதன் சீரிசைகள் 300, 600, 900, 1200. இரண்டும் முதன்முதல் சந்திப்பது 1200இல்தான். கரைவது மெட்டின் பஞ்சமமே. ஷட்ஜமம் தனித்து எழுந்து நிற்கிறது.

இன்னொன்று. 400க்கும் 300க்கும் உள்ள வேறுபாடு 100. அது ஷட்ஜமத்தின் இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சுரம். எந்தக் குழலும் ஊதாத அந்த ஆதாரத்தைக் காதே மங்கலாக உண்டாக்கிக்கொள்ள இடமுண்டு. ஒத்தை வெறும் பின்னணி என்று ஒதுக்கும் விமரிசகர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வகுப்பில் இரண்டு ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டேன். சம்போஞா நின்றதும், “பாட்டு முடியவே இல்லையே, சார்!” என்றான் ஒரு மாணவன். பிஃபாவுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நரம்புக் கருவிகளைக் கொண்டே ஹேண்டல் பஞ்சமத்தை நீட்டியிருக்கலாம், கடினமான வேலையன்று. இடையர்களுக்குத்தான் அது கடினம். ஒத்து 301 ஹெர்ட்ஸுக்கு நழுவினால், 1204க்கும் 1200க்கும் இடையே வினாடிக்கு 4 விம்மல்கள் கேட்கும். அதைப் போக்கத்தான், வாசிக்கத் தொடங்குமுன் விரல் துளைகளின் ஓரத்தில் தேன்மெழுகை ஒட்டியும் சுரண்டியும் அவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள்.